அத்தியாயம் 7: அரைப் புள்ளி

சனிக்கிழமை மாலை செஸ் வகுப்பு. ஏழாம் வகுப்புப் பெண்கள் இருவர் ஆடுகிறார்கள். வெள்ளைக்காரியிடம் ராணியும் இரண்டு சிப்பாயும் மிச்சம். கறுப்புக்குத் தனி ராஜா, அதுவும் எச்8 மூலையில் ஒதுங்கி நிற்கிறது. வெள்ளை தன் ராணியைத் தூக்கி ஜி6-இல் டக்கென்று வைத்துவிட்டுப் பக்கத்துப் பலகையை எட்டிப் பார்க்கப் போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரை ஆட்டம் முடிந்தாயிற்று. கறுப்புக்காரி ராஜாவின் தலையில் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக இழுத்துப் பார்க்கிறாள். ஜி8-க்குப் போனால் ராணி வெட்டும். ஜி7-க்கும் எச்7-க்கும் அதே கதி.

"சார், எனக்குப் போக எடமே இல்ல. ஆனா எனக்குச் செக்கும் இல்லியே?"

ஸ்டேல்மேட். ஆளுக்கு அரைப் புள்ளி.

வெள்ளை ஓவென்று அழுதாள். கறுப்பு எழுந்து நின்று குதித்தாள். இரண்டு பேர் பெயருக்கு நேராகவும் நான் எழுதியது ஒரே எண்தான். ஒருத்திக்கு அது கையிலிருந்து பறிபோன அரை, இன்னொருத்திக்கு வழியில் கிடந்து கிடைத்த அரை. வெற்றியைப் பற்றியும் தோல்வியைப் பற்றியும் பிள்ளைகளிடம் பேச நம்மிடம் ஆயத்த வசனங்கள் ஏராளம். சமனில் முடிந்த ஆட்டத்துக்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் அந்த நேரத்தில் பெரும்பாலான ஆசிரியர்கள், நானும் பல வருடம், "சரி சரி, அடுத்த ஆட்டத்துக்கு காயை அடுக்குங்க" என்று சொல்லி நழுவிவிடுகிறோம். நழுவாமல் நின்று என்ன செய்யலாம் என்பதுதான் இந்த அத்தியாயம்.

அன்று செய்ததைச் சொல்கிறேன். அழுதவளைத் தேற்றவில்லை, குதித்தவளை அடக்கவும் இல்லை. இரண்டு நிமிடம் விட்டேன். பிறகு ராணியை அதற்கு முன் நின்ற கட்டத்திலேயே திரும்ப வைத்து, "இப்ப வெள்ளை என்ன பண்ணியிருக்கணும்? ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிங்க" என்றேன். முதலில் பதில் சொன்னது குதித்தவள்தான். தப்பித்தவளுக்குத்தானே தப்பித்த ஓட்டை எங்கே இருந்தது என்று நன்றாகத் தெரியும்! எதிரியின் ராஜா மூலையில் தனியாக நின்றால் அதற்குக் குதிரைத் தாவல் தூரத்தில் ராணியை வைக்காதே, மூச்சுவிட ஒரு கட்டம் விட்டுவை என்ற சூத்திரத்தை அவர்களே உண்டாக்கினார்கள். அதற்குள் அழுகை நின்றிருந்தது.

பிறகு ஒரு கதையும் சொன்னேன். ஸ்டேல்மேட் எப்போதும் டிரா என்று எண்ணப்பட்டதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் வேறு விதி இருந்தது: நகர இடமில்லாமல் மாட்டிக்கொண்டவரே வென்றவர், மாட்டவைத்தவர் தோற்றவர்! அழுத பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அப்ப நான் தோத்திருப்பேனா சார்?" என்றாள். அரைப் புள்ளி சட்டென்று அவளுக்கு லாபமாகத் தெரிந்தது. சமன் என்றால் என்ன என்பதை மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள், அதை மாற்றவும் செய்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குப் புரிவது பெரிய விஷயம். இதற்குத் திரும்ப வருவேன்.

வார்த்தையிலிருந்து தொடங்குங்கள்

நம் பிள்ளைகளின் தெரு மொழியில் ஆட்டத்தைப் பற்றி அருமையான சொற்கள் இருக்கின்றன. தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் சண்டை பிடித்து ஆட்டத்தைக் கலைப்பது அழுகுணி ஆட்டம். ஏமாற்றினால் போங்கு. சின்னத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் அவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை. இத்தனை நுணுக்கம் உள்ள மொழியில் சமனில் முடிந்த ஆட்டத்துக்குப் பிள்ளைகள் சொல்வது 'டிரா' அல்லது 'டை'. செய்தித்தாள் 'வெற்றி தோல்வியின்றி முடிந்தது' என்று எழுதும். இல்லாத இரண்டைச் சொல்லி இருக்கும் ஒன்றைக் குறிக்கிற விசித்திரமான வாக்கியம் அது. வகுப்பில் ஒரு நாள் இதைப் பலகையில் எழுதிப்போட்டு, வேறு எப்படிச் சொல்லலாம் என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்ததில் எனக்குப் பிடித்தது, ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்ன 'தராசு நின்னுடுச்சு'.

கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைகளிடம் டிராவும் டையும் ஒன்றா என்று கேட்டால் பாதிப் பேர் ஒன்றுதான் என்பார்கள். நேரம் தீர்ந்துபோய், ஆட்டம் முடியாமல் நின்றால் டிரா. கடைசி அணியும் ஆடி முடித்து, ஓட்டக் கணக்கு இம்மி பிசகாமல் சமமாக நின்றால் டை. டெஸ்ட் கிரிக்கெட்டில் டிராவுக்குக் கணக்கு வழக்கில்லை. டையோ, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டெஸ்ட்களில் இரண்டே இரண்டு முறை. 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஒன்று. இன்னொன்று நம் சேப்பாக்கத்தில்.

சேப்பாக்கத்து ஆட்டத்தை வகுப்பில் எப்படிப் பயன்படுத்தலாம் என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. 1986 செப்டம்பர் 22, இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்டின் ஐந்தாம் நாள். இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவர் தொடங்கும்போது நான்கு ஓட்டம் தேவை, கையில் ஒரே ஒரு விக்கெட். பந்து போடுபவர் கிரெக் மேத்யூஸ். மட்டையோடு நிற்பவர் ரவி சாஸ்திரி, 45 ஓட்டத்தோடு நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறார். மறுமுனையில் பதினோராவது ஆட்டக்காரர் மணிந்தர் சிங். முதல் பந்தைச் சாஸ்திரி தடுக்கிறார். இரண்டாவதில் இரண்டு ஓட்டம். இன்னும் இரண்டு வேண்டும், நான்கு பந்து இருக்கிறது.

இங்கே கதையை நிறுத்துங்கள். "மூணாவது பந்து வருது. ஒரு ரன் ஓட வாய்ப்பிருக்கு. ஓடினா ஸ்கோர் சமம், இந்தியா இனி தோக்க முடியாது. ஆனா மட்டை மணிந்தர் கைக்குப் போயிடும். ஓடலாமா, வேணாமா?" வகுப்பு இரண்டாகப் பிளக்கும். கத்தட்டும். ஒவ்வொரு பக்கமும் காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பத்து நிமிடம் கழித்து மீதியைச் சொல்லுங்கள். சாஸ்திரி ஓடினார். ஸ்கோர் 347, சமம். நான்காவது பந்தை மணிந்தர் தடுத்தார். ஐந்தாவது பந்தில் எல்.பி.டபிள்யூ. ஒரு பந்து போடப்படாமலே மிச்சம் இருக்க, ஆட்டம் டை.

சாஸ்திரி செய்தது சரியா? நான் தீர்ப்புச் சொல்வதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். தோற்காமலிருப்பதும் ஜெயிப்பதும் ஒரே ஆசை இல்லை என்பதைப் பிள்ளைகள் அந்தப் பத்து நிமிடத்தில் கண்டுகொள்வார்கள். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் நின்றது என்று மட்டும் மனதில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். 'ஓடாதே' என்று கத்துகிற பிள்ளைதான் பெரும்பாலும் தோற்றால் தாங்காத பிள்ளையாகவும் இருக்கும். என் அனுபவம் இது. உங்கள் வகுப்பில் வேறு மாதிரி இருக்கலாம்.

விசிலுக்கு முன்பே விதி

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஆண்டு விளையாட்டு விழா, பெண்கள் கபடி இறுதி, நீல அணியும் மஞ்சள் அணியும். நேரம் முடிந்தபோது 24–24. சமன் வந்தால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. மேடையில் சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். தலைமையாசிரியர் மேடையிலிருந்து இறங்கி வந்து காதில், "சட்டுன்னு முடிங்க சார்" என்கிறார். நான் சட்டைப்பையில் கையை விட்டு ஒரு ரூபாய்க் காசை எடுத்துச் சுண்டிவிட்டேன். மஞ்சள் அணிக்குக் கோப்பை. நீல அணித் தலைவி ஒன்பதாம் வகுப்பு. அழவில்லை, கத்தவில்லை. முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "சார், அந்தக் காசு எப்ப சார் கபடி கத்துக்கிச்சு?" என்று கேட்டாள்.

பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

எனக்கு ஒரே ஆறுதல், பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1968 ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் நேப்பிள்ஸில் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் கோல் இல்லாமல் நிற்க, காசு சுண்டி இத்தாலியை இறுதிக்கு அனுப்பினார்கள். வேடிக்கை என்னவென்றால் இறுதி ஆட்டமும் 1–1 என்று சமனில் முடிந்தது. அதற்குக் காசு சுண்டவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி ஆடவைத்தார்கள், இத்தாலி 2–0. பெனால்ட்டி ஷூட்-அவுட் உலகக் கால்பந்து விதிகளுக்குள் வந்தது அதற்குப் பிறகு, 1970-இல்.

ஆக, முதல் வேலை: சமன் வந்தால் என்ன என்பதை ஆட்டம் தொடங்குமுன் பலகையில் எழுதிவிடுங்கள். வாயால் சொன்னால் போதாது. கபடி நாக்-அவுட் ஆட்டம் என்றால், அணிக்கு ஐந்து ரெய்டு, அதிலும் சமன் என்றால் கோல்டன் ரெய்டு என்ற வழக்கம் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம். ஓட்டப்பந்தயத்தில் நம் பள்ளிகளில் கேமராவா இருக்கிறது? முடிவுக் கோட்டில் நிற்கும் இரண்டு ஆசிரியர்களுக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் இருவருக்கும் ஒரே இடம். உயரம் தாண்டுதலில் விதி தெளிவாகவே இருக்கிறது: கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யாருக்குத் தவறிய முயற்சி குறைவோ அவர் முன்னால், அதுவும் சமம் என்றால் அந்த உயரம் வரை மொத்தத்தில் தவறியவை குறைவாக உள்ளவர். இது உடற்கல்வி ஆசிரியருக்குத் தெரியும். விழா நாளில் குறிப்பேட்டோடு கம்பத்துக்குப் பக்கத்தில் உட்காரவைக்கப்படும் கணக்கு டீச்சருக்குத் தெரியாது. அவருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முன்பே எழுதிய விதியும் கோணலாக இருக்கலாம். 2019 ஜூலை 14, லார்ட்ஸ், கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி. நியூசிலாந்து 241, இங்கிலாந்து 241. சூப்பர் ஓவரிலும் 15–15. அதிக பவுண்டரி அடித்த அணிக்குக் கோப்பை என்று விதிப்புத்தகத்தில் இருந்தது. இங்கிலாந்து 26, நியூசிலாந்து 17. அந்த ராத்திரி உலகமே ஐ.சி.சி.யைத் திட்டியது. மூன்றே மாதத்தில், அக்டோபரில், அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இனி அரையிறுதியிலும் இறுதியிலும் ஒருவர் வெல்லும்வரை சூப்பர் ஓவர்தான். பிள்ளைகளிடம் இதில் இரண்டு கேள்வி கேட்கலாம். விதி சரியில்லை என்று நியூசிலாந்து அணித் தலைவர் வில்லியம்சன் கோப்பையைத் தரமாட்டேன் என்றிருக்கலாமா? விதி இருந்தது என்பதற்காக அதை அப்படியே வைத்திருக்கலாமா? இரண்டுக்குமே 'கூடாது' என்று சொல்லத் தெரிந்த வகுப்பு தேறிவிட்டது. ஆட்டத்துக்கு நடுவில் விதியை மாற்றுவது அழுகுணி ஆட்டம். ஆட்டம் முடிந்த பிறகு, அடுத்த ஆட்டத்துக்காக மாற்றுவது வளர்ந்தவர்கள் செய்வது.

சமனுக்கு எத்தனை புள்ளி?

பள்ளிக்குள் லீக் நடத்துகிறவர்களுக்கு இந்தப் பகுதி; மற்றவர்கள் தாண்டிப் போகலாம். முன்பெல்லாம் கால்பந்தில் வெற்றிக்கு 2, சமனுக்கு 1. இங்கிலாந்து லீக் 1981-இல் வெற்றிக்கு 3 என்று உயர்த்தியது, உலகக் கோப்பைக்கு அது 1994-இல் வந்தது. ஏழாம் வகுப்புக்கு இது நல்ல கணக்கு. பழைய முறையில் எப்படி முடிந்தாலும் ஓர் ஆட்டத்தில் மொத்தம் இரண்டு புள்ளி. புதிய முறையில் ஒருவர் வென்றால் மூன்று, சமன் என்றால் இரண்டு. அந்த ஒரு புள்ளி எங்கே போனது? சமனுக்காக முடங்கிக் கிடக்காதீர்கள் என்று சொல்லாமல் சொல்லி, அமைப்பாளர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். புரோ கபடியில் பல சீசன்களுக்கு வெற்றிக்கு 5, சமனுக்கு 3, ஏழு புள்ளிக்குள் தோற்றால் 1 என்று இருந்தது. தோற்றுக்கொண்டிருக்கும் அணியும் கடைசி ரெய்டு வரை மல்லுக்கு நிற்கக் காரணம் வைத்த ஏற்பாடு அது.

என் யோசனை: ஐந்தாம் வகுப்பு வரை 2–1. அதற்கு மேல் பிள்ளைகளையே கேட்டு முடிவு செய்யுங்கள். அவர்கள் பேசி வைத்த கணக்கில் அவர்களே மாட்டிக்கொண்டாலும் வாத்தியாரைத் திட்ட முடியாது.

பங்கு போடுவதும் மல்லுக்கு நிற்பதும்

டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட் 1. உயரம் தாண்டுதலில் இத்தாலியின் தம்பேரியும் கத்தாரின் பர்ஷிமும் 2.37 மீட்டர் வரை ஒருமுறைகூடத் தவறாமல் தாண்டினார்கள். 2.39-இல் இருவரும் மூன்று முறை தவறினார்கள். எண்ணிப் பார்த்துப் பிரிக்க எதுவும் இல்லை. அதிகாரி வந்து ஜம்ப்-ஆஃப் பற்றி விளக்க ஆரம்பிக்க, பர்ஷிம் இரண்டு தங்கம் கிடைக்குமா என்று கேட்டார். விதி இடம் கொடுத்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

இந்தக் காணொளியைப் பள்ளிகளில் போட்டுக் காட்டி, 'பாருங்கள், எவ்வளவு பெருந்தன்மை' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பாதிப் படத்தைத்தான் காட்டுகிறோம். மூன்று வருடம் கழித்துப் பாரிஸில் இதே போட்டி, இதே நிலைமை. நியூசிலாந்தின் ஹாமிஷ் கெர்ரும் அமெரிக்காவின் ஷெல்பி மெக்கீவனும் 2.36-இல் சமன். இவர்கள் பங்கு போட்டுக்கொள்ளவில்லை, ஜம்ப்-ஆஃபுக்குப் போனார்கள். 2.34 தாண்டி கெர் தங்கம் வென்றார். மெக்கீவன் பேராசைக்காரரா? தோற்றுப்போகலாம் என்று தெரிந்தும் தாண்டிப் பார்க்கலாம் என்று நினைத்தவர். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டு, 'நீ என்ன செய்வாய்?' என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். கை தூக்கச் சொல்லாதீர்கள். கை தூக்கச் சொன்னால் நல்ல பிள்ளை பெயர் வாங்க எல்லாரும் டோக்கியோ பக்கம் தூக்குவார்கள். தாளில் என்றால் உண்மை வரும்.

நேரம் இருந்தால் 1936 பெர்லின் கதையையும் சேர்த்துக்கொள்ளலாம். கோலூன்றித் தாண்டுதலில் ஜப்பானின் நிஷிதாவும் ஓயேவும் ஒரே உயரம் தாண்டி இரண்டாம் இடத்தில் நின்றார்கள். தங்களுக்குள் மறுபடி போட்டியிட மறுத்தார்கள். நிஷிதாவுக்கு வெள்ளி, ஓயேவுக்கு வெண்கலம் என்று முடிவாயிற்று. ஊர் திரும்பியதும் இருவரும் பதக்கங்களை நகைக்கடையில் கொடுத்துப் பாதியாக வெட்டி, பாதி வெள்ளியும் பாதி வெண்கலமுமாக ஒட்டவைத்துக்கொண்டார்கள். வரிசை போட்டது யாரோ, அதை வெட்டி ஒட்டியது அவர்களே.

நடைமுறைக்கு வருவோம். பரிசுப் பட்டியல் போடும்போதே ஒவ்வொரு போட்டிக்கும் முதல் பரிசுச் சான்றிதழ் ஒன்று கூடுதலாக அச்சிட்டு வையுங்கள். கோப்பை ஒன்றே ஒன்று என்றால் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே. முதலிடம் இருவருக்கு என்றால் அடுத்தவர் மூன்றாம் இடம்தான், இரண்டாவது அல்ல. இதை எந்தப் பிள்ளையும் லேசில் ஒத்துக்கொள்ளாது. "எனக்கு முன்னாடி ஒரே ஒரு இடம்தான சார் இருக்கு?" என்று சண்டைக்கு வரும். "உனக்கு முன்னாடி எத்தன பேரு?" என்று கேளுங்கள், அதுவே எண்ணிக்கொள்ளும்.

வாத்தியார் போடும் போங்கு

அன்பான ஆசிரியர்கள் செய்யும் ஒரு தப்பு இருக்கிறது. யாரும் அழக்கூடாது என்று ஸ்கோரைக் கொஞ்சம் தட்டி 'ரெண்டு டீமும் சமம்!' என்று அறிவிப்பது. தயவுசெய்து வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மனதுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருக்கும். தோற்ற அணிக்குத் தாங்கள் ஒப்புக்குச் சப்பாணி ஆகிவிட்டோம் என்று புரிந்துவிடும், வென்ற அணிக்கு வாத்தியார் போங்கு என்று புரிந்துவிடும். அதன்பின் நிஜமாகவே சமன் வந்தாலும் எவரும் நம்பமாட்டார்கள். சின்ன வகுப்புகளில் ஸ்கோரே வேண்டாம் என்று தோன்றினால் எண்ணாத ஆட்டம் வையுங்கள், அது நேர்மை.

இதன் மறுபக்கம், பிள்ளைகளே போடும் போங்கு. செஸ் போட்டிகளில் பார்க்கலாம்: இரண்டு தோழிகள் எதிரெதிரே உட்கார்ந்தால் எட்டாவது நகர்த்தலில் கை குலுக்கி டிரா செய்துகொண்டு கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். யாருக்கும் மனவருத்தம் இல்லை, ஆட்டமும் இல்லை. பெரியவர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை என்பதால்தான் 2024 சிங்கப்பூர் உலகச் சாம்பியன் போட்டியில் 40 நகர்த்தலுக்கு முன் பேசி டிரா செய்யக் கூடாது என்று விதி வைத்தார்கள். பள்ளியில் நான் 25 என்று வைத்திருக்கிறேன்.

அந்தப் போட்டியையே பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். குகேஷ் 14 ஆட்டத்தில் எத்தனை ஜெயித்தான்? பத்து, பன்னிரண்டு என்று விலை ஏறிக்கொண்டே போகும். மூன்றுதான். இரண்டில் தோல்வி, ஒன்பது டிரா. ஏழரைக்கு ஆறரை என்று பட்டம். அந்தக் கடைசி ஆட்டமும் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு சிப்பாய் அதிகமாக வைத்துக்கொண்டு குகேஷ் விடாமல் நகர்த்திக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்த்தலில், எதிரே ஆடிய டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன். அந்த ஒன்பது அரைப் புள்ளிகளில் ஒன்றை எங்கேயாவது அலட்சியமாக விட்டிருந்தால் கடைசி நாள் கதையே வேறு.

செய்து பார்க்க மூன்று ஆட்டம்

முதலாவது, பெருக்கல் குறியும் வட்டமும் போடும் ஒன்பது கட்ட ஆட்டம். இருவரும் தப்புச் செய்யாமல் ஆடினால் அது எப்போதும் சமனில்தான் முடியும். இதைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு பாடவேளை முழுக்க ஆடவிட்டு வெற்றி எத்தனை, சமன் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். நேரம் ஆக ஆகச் சமன் கூடிக்கொண்டே வரும். ஏன் என்று அவர்களே கேட்பார்கள். இரண்டு பேரும் நன்றாக ஆடினார்கள் என்பதற்குச் சமன் ஓர் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதை இந்த ஆட்டம் காட்டுகிற அளவுக்கு என்னால் பேசிக் காட்ட முடிந்ததில்லை.

இரண்டாவது, ரிங். வலைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். வளையம் கீழே விழாமல் எத்தனை முறை வலையைத் தாண்டியது என்பதே எண்ணிக்கை, நான்கு பேருக்கும் சேர்த்து. பக்கத்து மைதானத்துக் குழுவோடு அந்த எண்ணிக்கைக்குப் போட்டி. எதிரில் நிற்பவள் பிடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வீசுவது எப்படி இருக்கிறது என்று தெரியவரும்.

மூன்றாவது கொஞ்சம் வில்லங்கம். பாப்புவா நியூ கினியின் மேட்டுநிலத்தில் வாழும் கஹுக்கு-காமா மக்கள் வெளியாட்களிடமிருந்து கால்பந்து கற்றுக்கொண்டார்கள். ஆனால் இரண்டு பக்கமும் வென்ற ஆட்டங்கள் சமமாகும்வரை நாள் கணக்கில் ஆடிக்கொண்டே இருந்தார்கள். மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1962-இல் வெளிவந்த நூலில் இதைச் சொல்லியிருக்கிறார். நம் மைதானத்தில் இப்படி ஆடவிடுங்கள்: சமன் வரும் வரை ஆட்டம் முடியாது. முதல் பத்து நிமிடம் சிரிப்பு. பிறகு முன்னால் இருக்கும் அணி வேண்டுமென்றே கோல் விடப் பார்க்கும். அப்போது விசில் ஊதி, "விட்டுக்கொடுத்தா அது கணக்கில்ல" என்று சொல்லுங்கள். முழு மூச்சாக ஆடவும் வேண்டும், சமனாகவும் முடிய வேண்டும். எட்டாம் வகுப்புப் பையன்கள் இதில் திணறி, கடைசியில் பலமான ஆட்டக்காரர்கள் இரண்டு பேரை எதிரணிக்கு மாற்றிக்கொண்டார்கள். நான் சொல்லித் தரவில்லை.

மண்டபத்துக்கு வெளியே

கடைசியாகப் பெற்றோர். மாவட்ட செஸ் போட்டி நடக்கும் எந்த மண்டபத்துக்கும் போய் வாசலில் நில்லுங்கள். செருப்புக் குவியலுக்கு அப்பால் அப்பா அம்மாக்கள், கையில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும். பிள்ளை வெளியே வரும். "என்னாச்சு?" "டிரா." "யாருகூட? அவ ரேட்டிங் என்ன?" எதிரியின் ரேட்டிங் அதிகம் என்றால் முதுகில் தட்டு, குறைவு என்றால் முகம் தொங்கும். பிள்ளை உள்ளே இரண்டு மணி நேரம் என்ன செய்தது என்பது பேச்சிலேயே வராது.

பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். 'என்னாச்சு' என்பதற்கு முன்னால், 'எந்த எடத்துல ரொம்ப நேரம் யோசிச்ச?' என்று கேளுங்கள். தோற்றாலும் ஜெயித்தாலும் சமனானாலும் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும். உங்களுக்குச் செஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை சொல்லிக்கொடுக்கும்.

ஸ்டேல்மேட் ஆக்கி அழுத பெண்ணின் அம்மா இதை நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் வந்து சொன்னார்: "ராத்திரி பதினோரு மணி வரைக்கும் விடல சார். கூடத்துல பலகைய விரிச்சு வெச்சு, ராணி இங்க நின்னுது, ராஜா அங்க நின்னுதுன்னு ஒரே பேச்சு. வீட்டு செட்ல கறுப்பு ராஜா தொலைஞ்சு போச்சு. தைலப் பாட்டில் மூடிய வெச்சிருந்தா. நான் என்னத்தக் கண்டேன், அந்த மூடியப் புடிச்சு அங்கயும் இங்கயும் நகத்துனேன். அதுக்கே 'அங்க போவக்கூடாதும்மா'ன்னு ஒரு அதட்டல் வேற."